மங்கியதும், மங்கலாய் வரைந்ததும்

சித்தன்னவாசல் தூணில் இருக்கும் நடனப் பெண்ணைப் பார்த்துவிட்டு வெளியே வந்து பாறைச் சரிவில் உட்கார்ந்தபோது, கூட வந்த கவிஞ நண்பர், 'இம்ப்ரெஷனிஸ்ட் பாஸ்டல் மாதிரி இருக்கிறாள்' என்றார். எங்கள் நாலு பேருக்கும் அது பிடித்துப் போயிற்று. பிடித்துப் போனதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. மேற்குப் பார்த்த குகை அது. சாயங்கால வெயில் உள்ளே வருகிறபோது பெண்ணின் உடம்பு மஞ்சளும் சுவரின் சுண்ணாம்பு வெள்ளையும் எங்கே பிரிகின்றன என்று சட்டென்று தெரிவதில்லை. வர்ணம் பொடியாக நிற்கிறது. விரல் வைத்தால் விரலோடு வந்துவிடும் போலிருக்கிறது. பாதி தெரிகிறாள், பாதி தெரியவில்லை. அன்னவாசலிலிருந்து வந்த பஸ்ஸைப் பிடித்துப் புதுக்கோட்டை திரும்பும் வழியில்தான் அந்த உவமை எனக்கு உறுத்த ஆரம்பித்தது. அது தவறான உவமை என்பது சிறிய விஷயம். நம் வட்டத்தின் சௌகரியமான ஒரு பழக்கத்தை அது காட்டிக் கொடுக்கிறது என்பதுதான் பெரிய விஷயம்.

இம்ப்ரெஷனிஸம் என்ற வார்த்தை நம்மிடையே ஓவியத்தைப் பற்றிப் புழங்கியதைவிட விமர்சனத்தைப் பற்றிப் புழங்கியதுதான் அதிகம். க.நா.சு.வின் ரசனை விமர்சனத்தை ஏற்காதவர்கள் அவர்மீது வீசிய வார்த்தை அது. சி.சு. செல்லப்பா 'எழுத்து'வில் வற்புறுத்திய அலசல் விமர்சனத்துக்கு எதிர்ப்பக்கத்தில் அதை நிறுத்தினார்கள். 'எனக்கு இப்படிப் பட்டது' என்று சொல்லிவிட்டு, ஏன் பட்டது என்று சொல்லாமல் நகர்ந்துவிடுவது என்ற அர்த்தத்தில். க.நா.சு.வுக்கு அது நியாயம் செய்கிறதா என்பது வேறு விவகாரம். (செய்யவில்லை என்பது என் கட்சி.) ஆனால் அந்த அர்த்தத்தோடேயே வார்த்தை ஓவியத்துக்கும் போய்விட்டது. தெளிவில்லாதது, முடிக்காமல் விட்டது, புகை மூட்டமானது — இதெல்லாம் இம்ப்ரெஷனிஸம் என்று ஆகிவிட்டது. 1874இல் பாரிஸில் நடந்த முதல் கண்காட்சியைப் பார்த்துவிட்டு லூயி லெரோய் என்ற பத்திரிகைக்காரர் மோனேயின் படத் தலைப்பிலிருந்து இந்தப் பெயரைக் கேலியாகக் கிளப்பிவிட்டார். நூற்றைம்பது வருஷம் கழித்து நாம் அந்தக் கேலியைப் பாராட்டாக மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். உள்ளடக்கம் மாறவில்லை.

ஒரு பாஸ்டல் உண்மையில் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். எத்வார் மானே 1880 வாக்கில் வரைந்த இர்மா ப்ரன்னரின் உருவப்படம். பாரிஸில், ஓர்ஸே மியூசியத்தில் இருக்கிறது. நான் பார்த்தது ஆர்ட் பேப்பரில் அச்சான பிரதியைத்தான். மேல்நாட்டு ஓவியம் பற்றித் தமிழில் பேசுகிற பெரும்பாலோர் நிலையும் இதுதான். இந்த லட்சணத்தில் பேசுகிறோம் என்பது ஞாபகத்தில் இருக்க வேண்டும். மானே எட்டு இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சிகளில் ஒன்றில்கூடக் கலந்துகொண்டவர் அல்லர். ஏழில் கலந்துகொண்ட டெகாவுக்கோ அந்தப் பெயரே ஆகாது. எல்லைகள் இப்படித்தான் இருந்தன. இருந்தாலும் அந்தக் காலத்துப் பெண் உருவப் பாஸ்டல் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தப் படம்தான்.

அரை மீட்டரைச் சற்றே தாண்டிய உயரம். சாம்பல் சாயலில் வெறும் பின்னணி. பெரிய கறுப்புத் தொப்பி, ரோஜா நிற உடை. பக்கவாட்டில் திரும்பிய முகம். பவுடர் பூசி வெளுத்த முகம், அதில் சிவந்த உதடு. அவ்வளவுதான் படம். இதில் தெளிவில்லாதது எது? தொப்பி ஒரே கறுப்புத் திட்டு. அதற்குள் விவரம் கிடையாது, ஆனால் அதன் ஓரம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிற்கிறது. நெற்றியிலிருந்து மூக்கு, உதடு, மோவாய் என்று இறங்குகிற கோடு ஒரே மூச்சில் வந்தது. கத்தி மாதிரி இருக்கிறது. உடைக்கு வந்ததும் கை தளர்கிறது. ரோஜா நிறம் தீற்றலாக, அவசரமாக, இதற்கு மேல் அங்கே எதுவும் தேவையில்லை என்ற தீர்மானத்தோடு விடப்படுகிறது. முகத்தில் இறுக்கம், உடையில் தளர்ச்சி. இரண்டும் சேர்ந்துதான், இவள் கொஞ்ச நேரம் வந்து உட்கார்ந்தாள், எழுந்து போய்விடுவாள் என்ற உணர்வைத் தருகின்றன. மங்கல் அங்கே ஒரு இடத்தில் மட்டும் இருக்கிறது. அந்த இடத்தில் அது வேண்டும் என்று ஒருவர் வைத்ததால் இருக்கிறது.

பாஸ்டல் என்கிற சாதனமும் இதற்கு ஒத்துழைக்கிறது. வர்ணப் பொடியும் சுண்ணப் பொடியும் கலந்து, குச்சியாக நிற்பதற்கு வேண்டிய அளவு மட்டும் பிசின் சேர்த்து உருட்டியது. எண்ணெய் இல்லை, தண்ணீர் இல்லை, காயக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. தாளின் சொரசொரப்பில் பொடி போய் உட்கார்ந்துகொள்கிறது. பளபளப்பு இல்லாததால் வெளிச்சம் பொடியின் ஒவ்வொரு துகளிலும் பட்டுச் சிதறுகிறது. கோடு இழுப்பதும் வர்ணம் பூசுவதும் வேறு வேறு காரியமாக இல்லாமல் போவது இதில்தான். நம் வீட்டு வாசலில் கோலப்பொடியை இரண்டு விரலுக்கு நடுவே நழுவவிடுகிறவளுக்கு இது சொல்லாமலே புரியும். பொடியே கோடு, கோடே நிறம். காற்று அடித்தால் போச்சு. டெகா இந்தப் பொடியை நிறுத்தி வைக்கப் படாத பாடுபட்டார். ஒரு அடுக்கு போட்டு, கியாலிவா என்ற இத்தாலிய நண்பர் கொடுத்த கரைசலைத் தெளித்து இறுக்கி, அதன்மேல் இன்னொரு அடுக்கு. மானேவுக்கு அத்தனை பொறுமை இல்லை, உடம்பும் இடம் கொடுக்கவில்லை. கால் விழுந்துகொண்டிருந்த கடைசி வருஷங்களில், உட்கார்ந்தபடியே சீக்கிரம் முடிக்க முடிந்தது என்பதால்தான் அவர் பாஸ்டலுக்கு வந்தார். ஸ்டூடியோவுக்கு வந்த பெண்களை ஒருவர்பின் ஒருவராக வரைந்தார். 1883இல், 51 வயதில் செத்துப் போனார். சௌகரியத்துக்காக எடுத்துக்கொண்ட சாதனம். ஆனால் அந்தப் பக்கவாட்டுக் கோட்டில் சௌகரியத்தின் சாயல்கூட இல்லை. இர்மா ப்ரன்னரின் முகத்திலிருந்த பவுடரும் மானேயின் கையிலிருந்த பவுடரும் ஏறக்குறைய ஒரே பண்டம் என்பது எனக்கு ஓயாத வியப்பு. வரைந்தது முகத்தையா, முகப்பூச்சையா என்று கேட்டால் பதில் கிடைக்காது. அந்தப் படத்தின் விஷமமே அதுதான்.

இனி சித்தன்னவாசல்.

அறிவர் கோயில் என்கிற இந்தச் சமணக் குடைவரையின் சித்திரங்கள் வெளியுலகத்துக்குத் தெரியவந்து நூறு வருஷத்துக்குச் சற்று மேல் ஆகிறது. பாண்டிச்சேரியில் இருந்த ழூவோ-துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர் 1920இல் இவற்றைப் பற்றி எழுதியபோது பல்லவ ஓவியம் என்றார். சித்திரகாரப்புலி என்று பட்டம் வைத்துக்கொண்ட மகேந்திரவர்மன் மீது யாருக்குத்தான் ஆசை வராது? பிற்பாடு, மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்ததையும் முகமண்டபம் எடுத்ததையும் சொல்கிற கல்வெட்டைப் படித்து, அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் காலம், ஒன்பதாம் நூற்றாண்டு, பாண்டியர் வேலை என்று திருத்திக்கொண்டார்கள். காலம் பற்றிய தப்பைக் கல்வெட்டு திருத்திவிட்டது. பார்வை பற்றிய தப்பைத் திருத்தக் கல்வெட்டு கிடையாது.

ரசாயன நிபுணர் எஸ். பரமசிவன் இந்தச் சுவரை ஆராய்ந்திருக்கிறார். பாறைமேல் சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த ஒரு பூச்சு. அதன்மேல் மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத மெல்லிய சுண்ணாம்புப் படலம். அது காய்ந்தபின் அதன்மேல் சித்திரம். ஈரச் சுண்ணாம்பில் எழுதினால் வர்ணத்தைச் சுண்ணாம்பே விழுங்கிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். உலர்ந்ததில் எழுதினால் வர்ணம் மேலேயே தங்கிவிடும். காவி, மஞ்சள் காவி, கரி, சுண்ணாம்பு — முக்கால்வாசியும் மண்ணிலிருந்து வந்த பொடிகள். உலர்ந்த தளத்தின்மேல் நிற்கும் பொடி என்ற அளவில் நண்பர் சொன்ன உவமைக்கு ஒரு ஆதாரம் இருக்கத்தான் செய்கிறது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் உவமை பண்டத்தோடு நிற்கிறது. கைக்கு வரவில்லை.

ஏனென்றால் அந்தக் கை செய்தது முற்றிலும் வேறு. அவன் — பெயர் இல்லாத அந்தச் சைத்ரீகன் — முதலில் எல்லையைக் கட்டினான். செங்காவிக் கோட்டில் உருவத்தை நிறுத்திவிட்டு, பிறகு உள்ளே நிறத்தை நிரப்பினான். நடனப் பெண்கள் இருவரில் ஒருத்தியின் இடது கை யானையின் துதிக்கை போலக் குறுக்கே வீசிக் கிடக்கிறது. அந்தக் கையைப் பாருங்கள். கையின் மேல்கோடும் கீழ்க்கோடும் இரண்டு இடத்தில் கிளம்பி, முழங்கையில் நெருங்கி, மறுபடி விலகி, மணிக்கட்டில் சேர்கின்றன. தசை எங்கே, எலும்பு எங்கே என்று நிழல் போட்டுக் காட்டவில்லை. கோட்டின் வேகத்திலேயே அது தெரிந்துவிடுகிறது. இந்தச் சைத்ரீகனுக்கு மங்கல் என்ற பிரச்னையே கிடையாது. சந்தேகமே இல்லாமல் வரைந்தவன். இன்ன நேரத்து வெளிச்சம், இன்ன கணத்து முகம் என்பதெல்லாம் அவன் அக்கறையில் இல்லை. எல்லா நேரத்துக்குமான ஒரு நர்த்தகியை அவன் எழுதினான். கண் முன்னால் மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றைத் துரத்துவது இம்ப்ரெஷனிஸ்டின் காரியம். மாறாத ஒன்றை முன்கூட்டியே அறிந்து வைத்துக்கொண்டு சுவரில் இறக்குவது இவன் காரியம். இரண்டில் எது உசத்தி என்று கேட்பது அசட்டுத்தனம். இரண்டும் ஒன்று என்பது அதைவிட அசட்டுத்தனம்.

ஆக, அங்கே நாம் பார்க்கும் மங்கல் யாருடையது? தூணின் கீழ்ப்பாகத்தில் சுதை உதிர்ந்து கால்கள் போய்விட்டன. நிரப்பிய நிறம் பெரும்பாலும் வெளிறிவிட்டது. ஆயிரத்து நூறு சொச்சம் வருஷம் சும்மா இருந்த சுவர் கடந்த நூற்றாண்டில் பட்ட பாடு தனி. காவலும் பூட்டும் இல்லாத காலத்தில் வந்து போனவர்களின் கைகள், கீறல்கள். விதானத்தில் தாமரைக் குளம், மீன், யானை, எருமை, பூப் பறிக்கும் ஆட்கள் என்று விரிகிற அந்தப் பெரிய சித்திரத்துக்கும் இதே கதிதான். அந்த மங்கலில் சைத்ரீகனின் தீர்மானம் ஒரு துளிகூடக் கிடையாது. அவனிடமிருந்து பிடுங்கிக்கொண்டது அது. பிடுங்கியவர்களின் வாரிசுகளான நாம் போய் நின்று, பிடுங்கியதன் அழகை மெச்சுகிறோம். இம்ப்ரெஷனிஸம் என்று நாகரிகமான பெயரும் வைக்கிறோம். சேதத்தைப் பாணியாக்கிவிட்டால் சேதம் வருத்துவதில்லை. பொறுப்பும் இல்லை.

சித்தன்னவாசலிலிருந்து அதிக தூரமில்லை குடுமியான்மலை. அங்கே பாறையில் ஸ்வரக் கூட்டங்களைப் பொறித்த இசைக் கல்வெட்டு இருக்கிறது. எழுத்து இருக்கிறது, இசை போய்விட்டது. அது பாடப்பட்டபோது காதில் எப்படி விழுந்தது என்று யாராலும் முடிவாகச் சொல்ல முடியாது. அதற்காக அந்தப் பாறைக்கு முன்னால் நின்றுகொண்டு, ஆஹா, இந்த மௌனம்தான் ராகம் என்று யாரும் தலையாட்டுவதில்லை. இசைக்காரர்கள் அந்த மட்டில் யோக்கியர்கள். தொலைந்தது தொலைந்தது என்று ஒப்புக்கொண்டு, இருக்கிற ஸ்வரத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறார்கள். ஓவியத்துக்கு முன்னால் நமக்கு அந்தக் கூச்சம் இல்லை.

எதிர்த்திசையில் நடக்கும் மோசடியும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். காலண்டரிலும் நடன அரங்கேற்ற அழைப்பிதழிலும் வருகிற சித்தன்னவாசல் பெண். அவளுக்குக் கால் இருக்கிறது, கொலுசு இருக்கிறது, முகத்தில் சினிமாப் புன்னகை. கோட்டை மாத்திரம் எடுத்துக்கொண்டு, இல்லாததையெல்லாம் தைரியமாக இட்டு நிரப்பியது. சி. சிவராமமூர்த்தி தம் புத்தகங்களுக்குப் போட்டுக்கொண்ட கோட்டுச் சித்திரங்களில் ஒரு அறிஞரின் அடக்கம் உண்டு. இந்தக் காலண்டர்க்காரர்களிடம் அது இல்லை. நண்பரின் பாராட்டு காலண்டரைவிட மேலானதுதான், சந்தேகமில்லை. ஆனால் இருவரும் தூணைப் பார்க்கவில்லை என்பதில் ஒற்றுமை.

உருவப்படம் என்ற வார்த்தையும் இங்கே இடிக்கிறது. நடனப் பெண் உருவப்படம் அல்லள். அவள் யாருமில்லை, அப்ஸரஸ் என்பார்கள். இர்மா ப்ரன்னர் ஒருத்தி. அவள் மூக்கு இன்னொருத்திக்கு இல்லை. நம் மரபில் இப்படி ஒருத்தியை ஒருத்தியாக எழுதும் பழக்கமே இல்லை என்று சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். கனவில் கண்டவனை உஷைக்கு அடையாளம் காட்ட சித்ரலேகை ஆண்களின் படங்களாக வரைந்து தள்ளிய கதை தெரிந்த ஊரில் இதைச் சொல்ல முடியாது. முகச்சாயல் நமக்கு அந்நியமான சரக்கு அல்ல. சித்தன்னவாசலிலேயே ஒரு தூணில் கிரீடம் வைத்த ஒரு ராஜாவும் அவனோடு ஒரு ராணியும் இருக்கிறார்கள். ஸ்ரீவல்லபனும் அவன் தேவியும் என்று அறிஞர் சிலர் கருதுகிறார்கள். அப்படியானால், தமிழ்நாட்டில் இன்னும் மிஞ்சியிருக்கிற மிகப் பழைய பெண் உருவப்படங்களில் ஒன்றின் முன்னால் நாம் நிற்கிறோம். ராஜாவுக்குப் பெயர் இருக்கிறது, பட்டம் இருக்கிறது. புதுப்பித்த இளங்கௌதமனுக்குப் பெயர் இருக்கிறது. எழுதியவனுக்கு இல்லை, அவளுக்கும் இல்லை. நடனப் பெண்ணுக்காக வருகிற கூட்டம் இவளைத் தாண்டிப் போய்விடுகிறது. நாங்கள் நாலு பேரும் அன்று தாண்டித்தான் போனோம். யாருமில்லாத ஒருத்தியைப் பாதி மங்கலில் ரசிப்பது சுலபம். யாரோ ஒருத்தியாக இருந்தவளின் முகத்தை, மிஞ்சியிருக்கிற கொஞ்சத்திலிருந்து, வரி வரியாகத் தேடிப் படிப்பது சிரமம்.

இதை இவ்வளவு விஸ்தாரமாக நான் எழுதக் காரணம் ஓவியம் மட்டும் அல்ல. நண்பரின் கவிதைகளை நான் தொடர்ந்து படித்து வருகிறேன். நல்ல கவிஞர். அவருடைய சமீபத்திய கவிதைகளில் ஒரு பெண் அடிக்கடி வருகிறாள். ஜன்னலோரம் நிற்கிறாள், நிழலாகிறாள், கரைகிறாள். யார் அவள்? மனைவியா, தாயா, பக்கத்து வீட்டுக்காரியா? கவிதை சொல்வதில்லை. சொல்லாததை நுட்பம் என்று நாங்கள் ஒத்துக்கொண்டுவிட்டோம். நானும் ஒரு கட்டுரையில் அப்படி எழுதியிருக்கிறேன், மறுக்கவில்லை. இப்போது சந்தேகம் வருகிறது. மானேயின் ரோஜா நிற உடை கரைவதற்கு அந்த மூக்கின் கோடு உத்தரவாதம். இந்தக் கவிதைகளில் அந்த மூக்கு எங்கே? கவிஞர் அவளை ஒரு தரமாவது கண்ணெடுத்துப் பார்த்தாரா, அல்லது அவளைப் பார்க்க வேண்டிய சங்கடத்திலிருந்து தப்பிக்கத்தான் மூட்டத்தைக் கிளப்பினாரா? இதை அவரிடமே கேட்டேன். கோபித்துக்கொண்டார். கோபம் தணிந்து அவர் இதற்குப் பதில் எழுதினால் இந்தப் பத்திரிகையிலேயே வெளியிட வேண்டும் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் மறுபடி தனியாக ஒரு தரம் போய் வந்தேன். வெயில் உள்ளே வருவதற்கு முன்னால், வெளிச்சம் எந்த வித்தையும் காட்டாத காலை நேரமாகப் பார்த்து. அந்த நேரத்தில் நடனப் பெண் அவ்வளவு அழகாக இல்லை. சுண்ணாம்புத் திட்டுகள், கீறல், கறை எல்லாம் அதனதன் இடத்தில் அப்பட்டமாகத் தெரிந்தன. கண்ணால் அவள் தோளிலிருந்து ஆரம்பித்தேன். காவிக் கோடு முழங்கை வரை தடையில்லாமல் வருகிறது. அதற்கப்புறம் ஒரு கீறல் குறுக்கிடுகிறது. கீறலுக்கு அந்தப் பக்கம் கோடு எங்கே தொடர வேண்டுமோ அங்கேயே, ஒரு மயிரிழை பிசகாமல், தொடர்கிறது. மணிக்கட்டு, வளை, விரல்கள். பிறகு ராணி இருக்கும் தூணுக்குப் போனேன். அங்கே அதிக நேரம் ஆயிற்று. கன்னத்தின் கோட்டைக் கொஞ்ச தூரம் பிடிக்க முடிந்தது. அதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு வரிசை வந்துவிட்டது, காவலர் என்னை நகரச் சொன்னார்.